ஊசி குத்தினால் கை எழுமா? பக்கவாதத்துக்குப் பிறகு அக்குபங்சரும் பயிற்சியும்!

காலை ஆறரை மணி. அம்மா காபி ஆற்றிக் கொண்டுவந்து வைக்கிறார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறார். விரல்கள் டம்ளரைத் தொடுகின்றன, பிடிக்க முடியவில்லை. டம்ளர் சாய்ந்து காபி பேப்பரில் பரவுகிறது. ``என்னங்க ஆச்சு?'' என்று அம்மா பதற, அப்பா ஏதோ சொல்ல வருகிறார். வார்த்தை குழறுகிறது. வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருக்கிறது.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. 25 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது ஒருமுறை பக்கவாதம் வரக்கூடும் என்று உலகளாவிய கணிப்பு சொல்கிறது.

அடுத்த பத்து நிமிடங்களில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ``வாயுவா இருக்கும், கொஞ்சம் படுக்கட்டும்'' என்பார் ஒருவர். சோடா வாங்க ஓடுவார் இன்னொருவர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எப்போதோ வந்த ஒரு செய்தியை யாராவது தேடி எடுப்பார்கள். `பக்கவாதம் வந்தவரை அசைக்காதீர்கள். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவையுங்கள். வாய் கோணியிருந்தால் காது மடலை இழுத்துவிட்டுக் குத்துங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிடும். இது சீன மருத்துவ ரகசியம்!'

பல ஆண்டுகளாகப் பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செய்தியை இப்போதே அழித்துவிடுங்கள். அக்குபங்சர் ஊசிக்குப் பக்கவாத சிகிச்சையில் ஓர் இடம் இருக்கலாம். ஆனால், அந்த இடம் முதல் பத்து நிமிடங்களில் இல்லை. அது எங்கே இருக்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம், கூடவே என்ன செய்தால்தான் பலன் என்பதையெல்லாம் விரிவாகப் பார்ப்போம்.

முதல் வேலை... 108

பக்கவாதம் என்பது கை கால் நோயல்ல, மூளை நோய். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படலாம். அல்லது ரத்தக்குழாய் வெடித்துக் கசியலாம். பெரும்பாலானவர்களுக்கு வருவது அடைப்புதான். ரத்தம் கிடைக்காத மூளைப் பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள்.

அடைப்பைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி ரத்தக்கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சையும் உண்டு. தகுதியான சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் வந்திருப்பது அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிர். விரல் நுனியில் வரும் ரத்தத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது.

வாய் கோணுகிறதா, தூக்கிய கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, திடீரென்று பார்வையோ நடையோ தடுமாறுகிறதா... இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கும் சக்தி போயிருக்கலாம் என்பதால் சோடா, தண்ணீர், மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதீர்கள். புறா ரத்தம் தேடி அலைவதற்கும் இது நேரமல்ல. எந்த நேரமும் அதற்கான நேரமல்ல.

இனி நாம் பேசப்போவது, உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றி.

காபி டம்ளரும் சிறுமூளையும்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவின் கையில் கொஞ்சம் அசைவு இருக்கிறது. ``டாக்டர், பலம் வந்துடுச்சே, அப்புறம் ஏன் டம்ளரைப் பிடிக்க முடியலை?'' என்று குடும்பம் கேட்கும். இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

டம்ளரை எடுத்துக் குடிப்பது நமக்கு ஒரு வேலை. மூளைக்கு அது நூறு வேலை. தோள் கையைத் தாங்க வேண்டும். முழங்கை நீள வேண்டும். அது நீள்வதற்கு, மடக்கும் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். டம்ளரின் அகலத்துக்கு ஏற்ப விரல்கள் விரிய வேண்டும். அது சூடாக இருக்கிறதா, நிறைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பிடியின் அழுத்தம் மாற வேண்டும். தூக்கும்போது உடல் ஒரு பக்கம் சாயாமல் இடுப்பும் முதுகும் சமன் செய்ய வேண்டும். பெருமூளை உத்தரவு போடுகிறது. கை இப்போது எங்கே இருக்கிறது என்று மூட்டுகளும் தசைகளும் தகவல் அனுப்புகின்றன. உத்தரவையும் தகவலையும் ஒப்பிட்டு, தவறை அந்தக் கணமே திருத்துகிறது பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை.

கோயில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்களின் பலம் மட்டும் போதாது. திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுபவர் சரியான நேரத்தில் போட்டால்தான் தேர் திரும்பும். இந்த இசைவைத்தான் மருத்துவர்கள் `ஒருங்கிணைப்பு' என்கிறார்கள்.

பக்கவாதம் இந்தச் சங்கிலியை எங்கே வேண்டுமானாலும் அறுக்கலாம். சிலருக்குத் தசை சோர்ந்துவிடும். சிலருக்கு அளவுக்கு மீறி இறுகிவிடும். கையைத் தூக்கச் சொன்னால் முழங்கை மடங்கி, விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். சிலருக்குக் கை எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய்விடும். சிறுமூளை பாதிக்கப்பட்டவருக்குப் பலம் இருக்கும். ஆனால், மூக்கைத் தொடச் சொன்னால் விரல் கன்னத்தில் போய் இடிக்கும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. அதனால்தான், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பயிற்சியைப் பார்த்து நாமே செய்யக் கூடாது.

பாத்திரம் தேய்த்து எழுந்த பேராசிரியர்

செத்துப்போன மூளை செல் திரும்ப வருமா? வராது. ஆனால், பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். இதை உலகம் நம்ப ஆரம்பித்ததற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது.

பெட்ரோ பாக்-ய-ரீட்டா நியூயார்க் சிட்டி கல்லூரியின் ஆசிரியர், கவிஞர். 1950-களின் இறுதியில், 65 வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பாதி உடல் செயலிழந்தது. பேச்சும் போனது. சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் மறுவாழ்வு சிகிச்சை கொடுத்தும் முன்னேற்றம் இல்லை. அவருடைய மகன் ஜார்ஜ் அப்போது மெக்ஸிகோவில் மருத்துவ மாணவர். அப்பாவைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு போனார். மறுவாழ்வு சிகிச்சை பற்றி அவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. `குழந்தை எப்படி நடக்கக் கற்றுக்கொள்கிறது? முதலில் தவழ்கிறது' என்று யோசித்தார். அப்பாவுக்கு முட்டிப்பட்டை கட்டித் தரையில் தவழவிட்டார். செயலிழந்த பக்கத்தைச் சுவர் தாங்கிக்கொண்டது.

பிறகு தரையில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டு, பலமில்லாத கையால் எட்டிப் பிடிக்கச் சொன்னார். சமையலறைப் பாத்திரத்தைக் கழுவக் கொடுத்தார். ஒரு கால் மணி நேரம் ஒரு திசையில், இன்னொரு கால் மணி நேரம் எதிர்த் திசையில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தினமும் மணிக்கணக்கில் இப்படியே போனது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் பெட்ரோ மறுபடி வகுப்பறைக்குப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து, 72 வயதில் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேத பரிசோதனையில் அவருடைய மூளையைப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். பக்கவாதம் ஏற்படுத்திய பெரிய சேதம் அப்படியே இருந்தது. ஆறாத காயத்தோடுதான் அவர் நடந்தார், பேசினார், பாடம் எடுத்தார், மலையேறினார். மிச்சமிருந்த மூளை புதுப் பாதை போட்டிருந்தது. இன்னொரு மகன் பால் பாக்-ய-ரீட்டா, மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் திறனை ஆராய்வதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் பெட்ரோவைப் போல நடந்துவிடாது. ஆனால் எந்தப் பயிற்சிக்கும் அடிப்படையாக இருக்கும் உண்மை இதுதான். திரும்பத் திரும்ப, அர்த்தமுள்ள ஒரு வேலையைச் செய்தால் மூளை கற்றுக்கொள்கிறது.

`பரீட்சையில் பாஸாக வேண்டும்!'

ஒருங்கிணைப்புப் பயிற்சிக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1880-களின் இறுதி. சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற ஊரில் ஹைன்ரிச் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் இருந்தார். தண்டுவட நரம்பு பாதித்து நடை தள்ளாடும் ஒரு நோயாளியிடம், விரலால் மூக்கைத் தொடும் சோதனையைச் செய்யச் சொன்னார். அவரால் முடியவில்லை. சில மாதங்கள் கழித்து அதே நோயாளி திரும்ப வந்தார். இந்தமுறை நன்றாகச் செய்தார். மருத்துவர் வியந்து காரணம் கேட்க, `பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று வீட்டில் பழகினேன்' என்றாராம் அவர்.

அதைப் பிடித்துக்கொண்ட ஃப்ரெங்கல், படிப்படியான பயிற்சி வரிசை ஒன்றை உருவாக்கினார். இன்றும் பிசியோதெரபி படிக்கும் ஒவ்வொரு மாணவரும் `ஃப்ரெங்கல் பயிற்சி'யைப் படிக்கிறார். அதன் விதிகள் எளிமையானவை. மெதுவாகச் செய்ய வேண்டும். எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். அசையும் உறுப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பலத்தைவிடத் துல்லியம் முக்கியம். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, அதன்பின் நின்று, கடைசியில் நடந்து என்ற வரிசை மாறக் கூடாது. களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஊசி எங்கே வருகிறது?

அக்குபங்சர் சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு கொண்டது. `சீ' என்ற உயிராற்றல் உடலில் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தடைபடும்போது நோய் வருகிறது, ஊசி அந்தத் தடையை நீக்குகிறது என்பது பாரம்பரிய விளக்கம்.

இந்தியாவுக்கு அது வந்த கதையும் சுவையானது. 1938-ல் ஜப்பான் படையெடுப்பால் சீனா தவித்தபோது, இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழு உதவிக்குப் போனது. அங்கேயே உயிர்விட்ட டாக்டர் கோட்னிஸ் அந்தக் குழுவில் ஒருவர். இன்னொருவர் டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர்தான் 1950-களின் இறுதியில் மறுபடி சீனா சென்று அக்குபங்சர் கற்றுத் திரும்பி, கொல்கத்தாவில் அதை ஆரம்பித்துவைத்தவர்.

பக்கவாதத்துக்காகவே தனி ஊசி முறைகள் உருவானது 1970-களின் தொடக்கத்தில். சீனாவின் ஷான்ஷி மாகாணத்தைச் சேர்ந்த ஜியாவ் ஷுன்ஃபா, தலையில் ஊசி போடும் முறையை வகுத்தார். பாரம்பரியப் புள்ளிகளோடு, மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்ற நவீன வரைபடத்தையும் கலந்தார். வலது கை வரவில்லை என்றால், இடப்பக்க மூளையின் இயக்கப் பகுதிக்கு மேலே இருக்கும் தலைத்தோலில் ஊசி. நடை தள்ளாடினால், சிறுமூளைக்கு மேலே, பின்மண்டையில் `சமநிலைப் பகுதி'யில் ஊசி.

அதே காலத்தில், 1972-ல், தியான்ஜின் நகரில் ஷி ஷுவேமின் என்ற மருத்துவர் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். உள் முன்கையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, உட்புறக் கணுக்காலுக்கு மேலே என மூன்று இடங்கள் இதில் முதன்மையானவை. சீனாவின் பல மருத்துவமனைகளில் இன்றும் பக்கவாத நோயாளிகளுக்கு இந்த முறை பின்பற்றப்படுகிறது.

இரண்டும் சேரும்போது...

அங்கே ஊசியும் பயிற்சியும் தனித்தனிக் கட்சிகளாக இருப்பதில்லை. காலையில் ஊசி, அதன்பின் பயிற்சிக்கூடம் என்று ஒரே நோயாளிக்கு இரண்டும் நடக்கும். சில இடங்களில் ஒருபடி மேலே போகிறார்கள். தலையில் ஊசி இருக்கும்போதே நோயாளியைக் கையை நீட்டச் சொல்வார்கள், பொருளை எடுத்து வைக்கச் சொல்வார்கள், எழுந்து நிற்கச் சொல்வார்கள். கையிலும் காலிலும் ஊசி இருந்தால் அசையக் கூடாது. தலைத்தோல் ஊசியில் அந்தத் தடை இல்லை என்பது ஒரு வசதி.

சேர்ப்பதற்கான நியாயம் என்ன? ஊசி தசையில் இறங்கும்போது கனமாக, மதமதப்பாக ஓர் உணர்வு வரும். அந்த உணர்வு நரம்பு வழியே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்ற இயற்கைப் பொருள்களை உடல் சுரக்கிறது; பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற விஞ்ஞானி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தோள்வலிதான் பெரிய எதிரி. வலிக்குப் பயந்து கையை அசைக்க மாட்டார்கள். அசைக்காததால் கை இன்னும் இறுகும். இறுகியதால் இன்னும் வலிக்கும். ஊசி அந்த வலியையோ இறுக்கத்தையோ கொஞ்ச நேரம் தளர்த்தினால், அந்தக் கொஞ்ச நேரத்தில் கையைச் சரியான விதத்தில் அசைக்கப் பழக்கலாம். ஊசி கதவைத் திறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே நடந்து போகவேண்டியது பயிற்சிதான். கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் பலனில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். ஏனென்றால், இதில் குடும்பத்தின் பணமும் நம்பிக்கையும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

உலகம் முழுவதுமுள்ள ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பக்கவாத மறுவாழ்வில் அக்குபங்சர் பற்றி 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 31 ஆய்வுகள், 2,257 நோயாளிகள். அன்றாட வேலைகளுக்குப் பிறரைச் சார்ந்திருப்பது குறையவும், சில நரம்புக் குறைபாடுகள் மேம்படவும் அக்குபங்சர் உதவக்கூடும் என்றது அறிக்கை. அதே மூச்சில், பெரும்பாலான ஆய்வுகளின் தரம் போதாது, எல்லோருக்கும் வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

தரத்தில் என்ன குறை? மாத்திரை ஆய்வில் நிஜ மாத்திரை எது, போலி மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்க முடியும். ஊசியில் அது கடினம். ஊசி போட்டுக்கொண்டவர் `எனக்கு ஏதோ கூடுதலாகச் செய்கிறார்கள்' என்ற உற்சாகத்தில் பயிற்சியையும் கூடுதலாகச் செய்வார். முன்னேற்றம் ஊசியால் வந்ததா, உற்சாகத்தால் வந்ததா என்று பிரிப்பது எளிதல்ல.

அமெரிக்காவின் இதய, பக்கவாத சங்கங்கள் 2016-ல் வெளியிட்ட மறுவாழ்வு வழிகாட்டி இன்னும் கறாராக இருக்கிறது. விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களுக்கு அக்குபங்சரைத் துணை சிகிச்சையாகப் பரிசீலிக்கலாம் என்கிறது. கையின் செயல்பாட்டுக்காக அதைப் பரிந்துரைக்கவில்லை.

மாறாக, பயிற்சிக்கான ஆதாரம் வலுவானது. நன்றாக இருக்கும் கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையையே விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் பயன்படுத்தவைக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் டாப் உருவாக்கினார். ஓரளவு விரல் அசைவு உள்ள 222 பேரிடம் அதைச் சோதித்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்கள் அவர்கள். இரண்டே வாரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடத்துக்குப் பிறகும் நீடித்தது.

ஆக, கணக்கு இதுதான். பயிற்சி சோறு, ஊசி வேண்டுமானால் ஊறுகாய். சோற்றோடு ஊறுகாய் ருசிக்கும். ஊறுகாயை மட்டும் தின்று பசியாற முடியாது.

வீட்டில் செய்யக்கூடியவை

கீழே இருப்பவை ஒருங்கிணைப்புக்கான அடிப்படைப் பயிற்சிகள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள். எப்போதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

* படுத்தபடி: மல்லாந்து படுத்து, தலையணையில் தலையைச் சற்று உயர்த்தி, பாதம் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே முழங்காலை மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்ட வேண்டும். வாய்விட்டு `ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணட்டும். பேச்சுப் பயிற்சியும் ஆயிற்று.

* உட்கார்ந்து, காலுக்கு: கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி. தரையில் சாக்பீஸால் நான்கைந்து புள்ளிகள். புள்ளிக்கோலம் போடுவதுபோல இடைவெளி விட்டு வையுங்கள். நீங்கள் சொல்லும் புள்ளியில் பாதத்தைத் தூக்கிச் சரியாக வைக்க வேண்டும். தவறினால் திட்டாதீர்கள், அடுத்த புள்ளியைச் சொல்லுங்கள்.

* உட்கார்ந்து, கைக்கு: உங்கள் விரலை அவர் முன் நீட்டுங்கள். அவர் தன் விரலால் உங்கள் விரலைத் தொட்டு, பிறகு தன் மூக்கைத் தொட வேண்டும். உங்கள் விரலை ஒவ்வொருமுறையும் கொஞ்சம் இடம் மாற்றுங்கள்.

* பல்லாங்குழி: பரணில் கிடந்தால் இறக்குங்கள். ஒவ்வொரு குழியாகச் சோழியோ புளியங்கொட்டையோ போடுவது விரல்களுக்கு அருமையான வேலை. எடுத்தல், பிடித்தல், ஒவ்வொன்றாக விடுதல், எண்ணுதல் எல்லாம் ஒரே விளையாட்டில். பேரப்பிள்ளைகளும் மொபைலை வைத்துவிட்டு வருவார்கள்.

* இரண்டு கைக்கும்: துண்டு மடிப்பது, பச்சைப் பட்டாணி உரிப்பது, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது. பூ கட்டத் தெரிந்தவர் என்றால் கொஞ்சம் தேறிய பிறகு நூலும் பூவும் கொடுங்கள். கை மறந்ததை, பழகிய வேலை சீக்கிரம் நினைவுபடுத்தும்.

* நின்றும் நடந்தும்: பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் சுவரோ கட்டிலோ இருக்கட்டும். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது முதல் படி. தரையில் பாத அடையாளம் வரைந்து அதில் அடி வைப்பது அடுத்த படி. கிருஷ்ண ஜயந்திக்குப் போடும் பாதங்களைப் போலத்தான்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட, ஓய்வு விட்டுப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பலமுறை செய்வது நல்லது. ஆர்வக்கோளாறில் அவசரமும் வேண்டாம். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நன்மையைவிடத் தீமை செய்யலாம் என்று, 2,104 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2015-ல் காட்டியது. எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஊசிக்குப் போகும் முன்...

மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் அக்குபங்சரைத் தனி மருத்துவமுறையாக அங்கீகரித்தது. யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ் பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. ஆனாலும் சில நாள்களில் கற்றுக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் உண்டு. எனவே இவற்றைக் கவனியுங்கள்.

* என்ன படித்திருக்கிறார், பக்கவாத நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

* ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை, உறையை உங்கள் கண்ணெதிரே பிரித்துப் போட வேண்டும்.

* ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* பேஸ்மேக்கர் வைத்தவர்களும், வலிப்பு வந்தவர்களும் ஊசியில் மின்தூண்டல் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

* உணர்ச்சியற்ற கையில் ஊசி ஆழமாகப் போனாலும், சூடு வைத்தால் சுட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. அருகில் இருப்பவர் கவனிக்க வேண்டும்.

* மார்பிலும் மேல்முதுகிலும் தவறாகப் போடும் ஊசி நுரையீரலைத் துளைத்த சம்பவங்கள் உலகில் பதிவாகியிருக்கின்றன. ஊசிக்குப் பிறகு மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ``பிரஷர் மாத்திரையை நிறுத்துங்க, சுகர் மாத்திரையை நிறுத்துங்க, உடம்பு தானே சரிபண்ணிக்கும்'' என்று யாராவது சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் அபாயம் அதிகம். அதைத் தடுத்துக்கொண்டிருப்பவை அந்த மாத்திரைகள்தான். முதல் பக்கவாதத்தில் போன கையை மீட்க ஊசிக்குப் போய், மாத்திரையை நிறுத்தி, இரண்டாவது பக்கவாதத்தில் ஆளையே பறிகொடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

குடும்பம் செய்ய வேண்டியது

நம் ஊரில் பக்கவாத நோயாளிக்கு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், ஆயா எல்லாமே வீட்டுப் பெண்கள்தான். குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யவைத்தால் போதுமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் இல்லை. அன்பு அவசியம், ஆனால், நிபுணரின் கை வேண்டிய இடத்தில் அன்பு மட்டும் போதாது என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். வாரத்தில் சில நாள்களாவது பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது நல்லது. வெளியே போக முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-ல் தொடங்கிய `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பலமில்லாத கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள் மூட்டு நழுவும். எழுப்பும்போது இடுப்பைத் தாங்குங்கள். அவரால் செய்ய முடிகிற வேலையைப் பாசத்தில் நீங்கள் செய்துவிடாதீர்கள். சட்டைப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகும் என்றால், அந்தப் பத்து நிமிடமும் சிகிச்சைதான். அழுதுகொண்டே இருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு படுத்தாலோ `பிடிவாதம்' என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சகஜம். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும். அதற்காக ஆறு மாதத்தோடு கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு வருடம் தாண்டியும் பயிற்சியால் முன்னேறுபவர்கள் உண்டு. ஆனால், அந்த முதல் மூன்று மாதங்களை வைத்தியம் மாற்றி வைத்தியம், ஊர் மாற்றி ஊர் என்று அலைந்து தொலைத்துவிட்டால் அவை திரும்ப வராது. அக்குபங்சர் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். அதற்குப் போய் வருவதால் அன்றைய பயிற்சி மட்டும் நின்றுபோகக் கூடாது.

ஒரு நோட்டுப் போடுங்கள். இன்று எத்தனை புள்ளியில் பாதம் சரியாக விழுந்தது, எத்தனை சோழி குழியில் விழுந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா, இல்லையா என்ற விவாதத்தை அந்த நோட்டு தீர்த்துவைக்கும். ஆறு வாரமாகியும் எண்ணிக்கை நகரவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும்.

பெரிய லட்சியம் எதுவும் வேண்டாம். ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அம்மா காபி கொண்டுவந்து வைக்க வேண்டும். இந்தமுறை பாதி டம்ளர், கொஞ்சம் ஆறியது. அப்பாவின் விரல்கள் மெதுவாக விரிந்து, டம்ளரைச் சுற்றி மூடி, தூக்கி, வாய்வரை கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் சிந்தினால்தான் என்ன? துடைத்துக்கொள்ளலாம்.